சைக்கோவ்ஸ்கி தெருவில் ஒரு கதிர்

2016-ஆம் ஆண்டின் இறுதியில், கியூபத் தலைநகர் ஹவானாவில் பணியாற்றிய அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் சிலர் விசித்திரமான உபாதைகளைச் சொல்லத் தொடங்கினர். இரவில் ஒரே திசையிலிருந்து வரும் கூரிய ஒலி, காதில் அழுத்தம், தலைசுற்றல், அதன்பின் மாதக்கணக்கில் நீடித்த மறதியும் தூக்கமின்மையும். ‘ஹவானா நோய்க்குறி’ என்று பத்திரிகைகள் பெயர் சூட்டின. கண்ணுக்குத் தெரியாத கதிர் ஆயுதம், ரஷ்ய உளவுப்படை, கூட்டு மனப்பிராந்தி, சிள்வண்டு என்று அன்றிலிருந்து எழுதிக் குவிக்கப்பட்டவை ஏராளம். அவற்றைப் படிக்கையில் நமக்கு ஒரு குறை தென்படுகிறது. இந்தக் கதையின் முதல் பாகம் அரை நூற்றாண்டுக்கு முன்பே மாஸ்கோவில் நடந்து முடிந்தது. அதை அறியாமல், ஹவானாவில் நோயுற்றவர்கள் எதிரி நாட்டைக் காட்டிலும் தங்கள் சொந்த அரசையே ஏன் அதிகம் சந்தேகித்தார்கள் என்பது விளங்காது.

1945-ல், இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், சோவியத் சிறுவர் இயக்கத்தைச் சேர்ந்த குழந்தைகள் அமெரிக்கத் தூதர் ஆவரெல் ஹாரிமனுக்கு ஒரு பரிசளித்தனர். மரத்தில் அழகாகச் செதுக்கிய அமெரிக்க அரசு இலச்சினை. சிறகு விரித்த கழுகு. தூதரின் இல்லமான ஸ்பாஸோ மாளிகையின் சுவரில் அது ஏழாண்டுகள் தொங்கியது. தூதர்கள் நால்வர் அதன் கீழே அமர்ந்து பேசினார்கள். கழுகின் உள்ளே சிறியதோர் உலோகக் குழிவும், அதன் வாயில் மெல்லிய சவ்வும், ஒரு குட்டை ஆண்டெனாவும் இருந்தன. பாட்டரி கிடையாது, கம்பி கிடையாது. வெளியிலிருந்து வானொலிக் கதிர் ஒன்றைப் பாய்ச்சினால் மட்டுமே அது உயிர்பெறும். அறையில் பேசும் குரலுக்கு ஏற்பச் சவ்வு அதிர, அந்த அதிர்வைச் சுமந்துகொண்டு கதிர் திரும்பிச் செல்லும். கதிரை நிறுத்திவிட்டால் அது வெறும் உலோகத் துண்டு. ஆகவே எத்தனை முறை சோதித்தும் அகப்படவில்லை. 1952-ல் ஜார்ஜ் கென்னன் தூதராக இருந்தபோதுதான் பிடிபட்டது. ஏற்கெனவே அச்சாகிவிட்ட பழைய ராஜாங்கக் கடிதம் ஒன்றை, இரகசியம் போலக் கென்னன் தம் செயலாளருக்கு உரக்கச் சொல்லிக்கொண்டிருக்க, தொழில்நுட்பர் கருவியோடு அறையைத் துழாவி அதைக் கண்டுபிடித்தார். ஒரு நாடகக் காட்சிக்கு உரிய தருணம் அது.

அதை வடிவமைத்தவர் லேவ் தெர்மின். கையால் தொடாமலே வாசிக்கும் இசைக்கருவி ஒன்றைக் கண்டுபிடித்து 1920களில் மேற்கு நாடுகளை மயக்கியவர். பின்னர் சோவியத் சிறையில், கைதி விஞ்ஞானிகளுக்கான ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர். சோல்செனிட்சினின் ‘முதல் வட்டம்’ நாவலைப் படித்தவர்களுக்கு அவ்வகைச் சிறைகள் பரிச்சயமானவை.

இந்தக் கழுகை இங்கே விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. இதற்குப் பிறகு, வெளியிலிருந்து ஒரு கதிர் கட்டடத்துக்குள் பாய்கிறது என்றாலே அமெரிக்கர்களின் மனத்தில் முதலில் எழுந்தது ஒட்டுக்கேட்பு என்னும் எண்ணமே. அந்தக் கதிர் உடம்பை என்ன செய்யும் என்ற கேள்வி மிகத் தாமதமாகவே வந்தது.

1953-ல் அமெரிக்கத் தூதரகம் சைக்கோவ்ஸ்கி தெருவில் இருந்த பத்து மாடிக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. அலுவலகங்களோடு ஊழியர் குடும்பங்களின் வீடுகளும் அதே வளாகத்தில் இருந்தன. எதிரே இருந்த குடியிருப்பிலிருந்து அதன் மேல்தளங்களை நோக்கி நுண்ணலைக் கதிர் ஒன்று பாய்ச்சப்பட்டது. இது 1953-லேயே தொடங்கியதாகப் பின்னாளைய ஆய்வறிக்கை கொள்கிறது. அறுபதுகளின் தொடக்கத்தில்தான் அமெரிக்கர்கள் அதை முறையாக அளக்கலானார்கள். அலைவரிசை ஏறக்குறைய 2.5 முதல் 4 கிகாஹெர்ட்ஸ். நம் சமையலறை மைக்ரோவேவ் அடுப்பின் அலைவரிசைக்கு அண்டை வீடு எனலாம். ஆனால் வலிமை மிக மிகக் குறைவு: 1975 வரை, சதுர சென்டிமீட்டருக்கு அதிகபட்சம் 5 மைக்ரோவாட்.

இந்தச் சிறிய எண்ணில்தான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. அன்று அமெரிக்காவில் பாதுகாப்பானது என்று ஏற்கப்பட்டிருந்த எல்லை 10 மில்லிவாட், அதாவது 10,000 மைக்ரோவாட். சோவியத் ஒன்றியம் தன் தொழிலாளர்களுக்கு ஒரு முழு வேலைநாளுக்கு வகுத்திருந்த எல்லை 10 மைக்ரோவாட். ஒன்றுக்கு ஆயிரம் வித்தியாசம்! அமெரிக்க விஞ்ஞானம் நுண்ணலையின் தீங்கு என்றால் சூடு மட்டுமே என்று கருதியது. சதை சூடேறாத அளவில் பயமில்லை. சோவியத் மருத்துவர்களோ, ரேடார் நிலையங்களில் வேலை செய்பவர்களிடம் தலைவலி, சோர்வு, தூக்கக் கேடு, எரிச்சல் ஆகியவற்றைக் கண்டு, சூடேறாத அளவிலும் நரம்பு பாதிக்கப்படும் என்று எழுதிவந்தார்கள். அமெரிக்கா மாஸ்கோவிடம், “உங்கள் கதிர் எங்கள் மக்களைக் கெடுக்கிறது” என்று சொல்ல வேண்டுமானால் சோவியத் மருத்துவத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். ஒப்புக்கொண்டால் தன் சொந்தக் கப்பல்களிலும் விமான தளங்களிலும் ரேடார் அருகே நின்ற ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்கு என்ன பதில் சொல்வது? இதைவிட வசதியான ஒரு சிறையை எதிரியால் கட்டியிருக்க முடியாது என்று நமக்குத் தோன்றுகிறது. இதில் எதிரி கட்டியது பாதிதான்.

மௌனத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. தூதரகத்தின் கூரையில் அமெரிக்கர்களின் சொந்தக் காதுகள் இருந்தன. கிரெம்ளின் தலைவர்கள் கார்களிலிருந்து பேசிய தொலைபேசி உரையாடல்களை அவர்கள் கேட்டுக்கொண்டிருந்ததை 1971-ல் பத்திரிகையாளர் ஜாக் ஆண்டர்சன் அம்பலப்படுத்தினார். கதிரின் நோக்கம் அந்தக் கருவிகளைக் குழப்புவதே என்று ஒரு சாரார் கருதினர். சுவருக்குள் புதைத்த ஒட்டுக்கேட்புக் கருவிகளை இயக்குவதற்கு என்றனர் வேறு சிலர். மனிதர்களைத் தாக்குவதற்கே என்று நம்பியவர்களும் இருந்தார்கள். எது சரி என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

1965-ல் பென்டகனின் உயர் ஆய்வு முகமை ‘பண்டோரா’ என்ற இரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. வால்ட்டர் ரீட் ராணுவ ஆய்வு நிலையத்தில் குரங்குகளின்மேல் மாஸ்கோக் கதிரைப் போன்ற ஒன்றைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். பழக்கப்பட்ட வேலையைச் செய்துகொண்டிருந்த முதல் குரங்கு தளர்ந்தது. கதிரை நிறுத்தியதும் தேறியது. மறுபடி பாய்ச்சியதும் மறுபடி தளர்ந்தது. திட்டத்தை நடத்திய ரிச்சர்ட் செசாரோ பரபரப்படைந்தார். பின்னர் தரவுகளைப் பரிசீலித்த அறிவியலாளர் குழு, இவை எதையும் நிறுவப் போதாது என்றது. எழுபதுகளின் தொடக்கத்துக்குள் திட்டம் அடங்கிவிட்டது.

குரங்குகளின் பகுதியைவிட நம்மை அதிகம் தொந்தரவு செய்வது மனிதர்களின் பகுதி. அதே காலத்தில் மாஸ்கோத் தூதரக ஊழியர்களிடம் இரத்தம் எடுக்கப்பட்டது. அவர்களுக்குச் சொல்லப்பட்ட காரணம், மாஸ்கோவில் பரவும் ஏதோ வைரஸைப் பற்றிய ஆய்வு. ‘மாஸ்கோ வைரஸ் ஆய்வு’ என்றே அதற்குப் பெயர். உண்மையில் தேடியது குரோமோசோம் சிதைவுகளை. சிதைவு இருக்கிறது என்றார் ஒருவர், மற்றவர்கள் மறுத்தார்கள். கை நீட்டி இரத்தம் கொடுத்த எழுத்தருக்கும், அவர் மனைவிக்கும், மேல்தளத்துச் சன்னலருகே வளர்ந்த குழந்தைக்கும், எதிர்வீட்டிலிருந்து ஒரு கதிர் தங்கள்மேல் விழுகிறது என்ற செய்தி மட்டும் சொல்லப்படவில்லை. அரசுக்குத் தெரிந்திருந்தது. கதிரை அனுப்பியவர்களுக்குத் தெரிந்திருந்தது. நனைந்துகொண்டிருந்தவர்களுக்கே தெரியாது.

1975-ல் கதிர் வலுத்தது. இரண்டு திசைகளிலிருந்து வந்தது; உச்சத்தில் 18 மைக்ரோவாட் வரை எட்டியது. சோவியத்தின் சொந்த வேலைநாள் எல்லையையே அது தாண்டிவிட்டது. அந்த டிசம்பரில் வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிஞ்ஜர் சோவியத் தூதர் தோப்ரினினிடம் தனியாக முறையிட்டார். இது திட்டமிட்ட கதிர் அல்ல, நகரத்துத் தொழிற்சாலைகளின் பின்னணிக் கதிர்வீச்சு என்பதே மாஸ்கோ தந்த பதில். 1976 பிப்ரவரியில் தூதர் வால்ட்டர் ஸ்டோசெல் ஊழியர்களைக் கூட்டி விஷயத்தைச் சொன்னார். அதே மாதம் ‘லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்’ வெளியிட, உலகுக்கும் தெரிந்தது. சன்னல்களுக்கு அலுமினிய வலை அடித்தார்கள். கொசுவுக்கு வலை அடிப்பது போலத்தான். ஆனால் அது வேலை செய்தது.

ஸ்டோசெல் 1986-ல், அறுபத்தாறு வயதில், இரத்தப் புற்றுநோயால் இறந்தார். அவருக்கு முன் அங்கே தூதர்களாக இருந்த சார்ல்ஸ் போலன், லெவெலின் தாம்ப்சன் இருவரும் புற்றுநோயால் இறந்தவர்கள். இந்த மூன்று மரணங்களும் இன்றுவரை சாட்சிகளாக மேற்கோள் காட்டப்படுகின்றன. மூன்று பேரை வைத்துக்கொண்டு எதையும் நிறுவ முடியாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆனால் அப்படிச் சொல்லும் தகுதியை அமெரிக்க அரசு இழந்திருந்தது.

அது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆப்ரகாம் லிலியன்ஃபெல்டிடம் பொறுப்பை ஒப்படைத்தது. மாஸ்கோவில் பணியாற்றிய 1,827 ஊழியர்களையும், கிழக்கு ஐரோப்பாவின் பிற தூதரகங்களில் பணியாற்றிய 2,561 ஊழியர்களையும் ஒப்பிட்டு 1978-ல் அவர் அறிக்கை தந்தார். மரணத்திலோ பெருநோய்களிலோ கதிரைக் குற்றம் சாட்டத்தக்க வேறுபாடு இல்லை. குடல் ஒட்டுண்ணித் தொற்று மாஸ்கோ ஆண்களிடம் சற்று அதிகம். அதற்குக் கதிர் தேவையில்லை. மனச்சோர்வு, எரிச்சல், கவனக் குலைவு ஆகியவையும் அதிகம். ஆனால் கதிர் மிகக் குறைவாகப் பட்ட பிரிவினரிடம்தான் இந்த வேறுபாடு கூர்மையாக இருந்தது! எனில் அவர்களைத் தாக்கியது என்ன? நீண்ட நாள் மறைக்கப்பட்ட செய்தி திடீரென வந்து விழும்போது மனிதர்களுக்கு என்ன ஆகுமோ அதுவாகவும் இருக்கலாம். புற்றுநோய் போன்றவை வெளிப்படப் போதிய ஆண்டுகள் இன்னும் கழியவில்லை என்பதையும் லிலியன்ஃபெல்டு மறக்காமல் எழுதினார். நேர்மையான அறிக்கை அது. நம்பத்தான் ஆளில்லை.

இந்தப் பின்னணியோடு ஹவானாவுக்கு வருவோம். நுண்ணலையால் ஒலியை உண்டாக்க முடியும் என்பது கற்பனை அல்ல. 1962-ல் ஆலன் ஃப்ரே என்னும் அமெரிக்கர் இதைப் பற்றி எழுதினார். துடிப்பு துடிப்பாக வரும் அலை தலைக்குள் மிக நுண்ணிய வெப்ப விரிவை உண்டாக்க, அது அழுத்த அலையாகி உள்காதை எட்டுகிறது. வெளியே ஓசை இல்லை. கேட்பவருக்கு மட்டும் ‘டிக் டிக்’ என்று கேட்கும். கதிர் ஆயுதமும் கற்பனை அல்ல. தோலைச் சுடவைத்துக் கூட்டத்தைக் கலைக்கும் 95 கிகாஹெர்ட்ஸ் கருவி ஒன்றை அமெரிக்காவே செய்து, 2010-ல் ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பி, பயன்படுத்தாமலே திரும்பப் பெற்றது. ஆனால் சுவரைத் துளைத்து ஒருவரின் மூளையை மட்டும் சேதப்படுத்தும் கையடக்கக் கருவி வேறு விஷயம்.

ஹவானாவில் பதிவான ஒலி ஒன்று கரீபியத் தீவுகளின் ஒருவகைச் சிள்வண்டின் குரலோடு பொருந்துவதாக 2019-ல் இரண்டு உயிரியலாளர்கள் காட்டினர். 2020 டிசம்பரில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகக் குழுவோ, சிலருடைய அறிகுறிகளுக்கு நுண்ணலைத் துடிப்பே மிகவும் பொருந்தும் விளக்கம் என்றது. புகார்கள் சீனா, வியன்னா என்று பரவின. 2021 செப்டம்பரில் சி.ஐ.ஏ. தலைவரோடு இந்தியா வந்த ஒருவருக்கும் அறிகுறிகள் தோன்றியதாகச் செய்தி வந்தது. 2023 மார்ச்சில் உளவு அமைப்புகளில் பெரும்பாலானவை, அந்நிய நாட்டின் கை இருப்பது மிகவும் அரிது என்று முடிவு கூறின. 2024-ல் வெளியான தேசிய சுகாதார நிறுவன ஆய்வு எண்பதுக்கும் மேற்பட்டோரின் மூளைப் படங்களில் காயத்தின் தடயம் காணவில்லை. அவர்களுடைய அவதி உண்மையானது என்பதை மட்டும் வலியுறுத்தியது. 2025 ஜனவரியில் ஏழு அமைப்புகளில் இரண்டு தங்கள் நிலையைச் சற்றுத் தளர்த்திக்கொண்டன.

இவற்றில் எது வந்தபோதும் பாதிக்கப்பட்டவர்களில் பலர் ஒரே பதிலைச் சொன்னார்கள்: மாஸ்கோவிலும் இப்படித்தான் சொன்னீர்கள். இந்த வாக்கியத்தைத் தரவுகளால் மறுக்க இயலாது. மாஸ்கோவில் கதிர் இருந்தது, நோய் நிரூபணமாகவில்லை. ஹவானாவில் நோய் இருந்தது, கதிர் நிரூபணமாகவில்லை. இரண்டையும் சேர்த்து முழுமையான ஒரு குற்றப்பத்திரிகை எழுதிவிட மனம் துடிக்கிறது. வரலாற்று வாசகர் அந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

2021 அக்டோபரில் ‘ஹவானா சட்டம்’ கையொப்பமானது. மூளைக் காயம் என மருத்துவர் சான்றளித்தால் இழப்பீடு உண்டு. காயம் எதனால் வந்தது, யார் செய்தார்கள் என்று காட்ட வேண்டியதில்லை. அரசு ஆவணங்களில் நோய்க்கும் பெயரில்லை, ‘வழமைக்கு மாறான உடல்நல நிகழ்வுகள்’ என்று மட்டுமே குறிப்பிடுகிறார்கள். வெளியுறவுத் துறை வகுத்த விதிப்படி 2016 ஜனவரி 1-க்குப் பிறகு நேர்ந்தவற்றுக்கே பணம் கிடைக்கும். சைக்கோவ்ஸ்கி தெருவில், வைரஸ் என்று நம்பி இரத்தம் கொடுத்தவர்கள் அந்தத் தேதிக்கு முன்னால் நிற்கிறார்கள்.