செக் எண் சொல்லும் கதை: இன்சூரன்ஸ் ஆபீசில் பேரேடு முதல் கம்ப்யூட்டர் வரை

வரலாறு என்றால் கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி என்றுதான் நம் நினைவு போகும். ஆபீஸ் அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் ரிஜிஸ்டருக்கும் ஒரு வரலாறு உண்டு என்று யாரும் நினைப்பதில்லை. வீட்டுத் தலைவர் தவறிப்போன பிறகு அந்த வீட்டம்மா கைக்கு ஒரு க்ளெயிம் செக் வருகிறது. தொகையைப் பார்ப்பார்கள், பெயரைப் பார்ப்பார்கள். அடியில் இருக்கும் ஆறு இலக்க எண்ணை யார் பார்க்கிறார்கள்? அந்த எண் ஒன்று தப்பினால் அந்தப் பணம் நின்று போகலாம். பேரேடு போய் கம்ப்யூட்டர் வந்து, புரோகிராம் மேல் புரோகிராமாக மாறியபோது, இந்த எண் எப்படிக் காப்பாற்றப்பட்டது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உண்டியல் காலம்

உண்டியல் என்றதும் இன்றைக்குக் கோயில் உண்டியல்தான் ஞாபகம் வரும். வியாபாரிகள் பேச்சில் உண்டியல் என்றால் ஊர் விட்டு ஊர் பணம் அனுப்பும் சீட்டு. வடக்கே ‘ஹுண்டி’ என்பார்கள். கண்டவுடன் பணம் தருவது தரிசன உண்டியல், நாள் கழித்துத் தருவது தவணை உண்டியல். இதில் மோசடி வராமல் இருக்க ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். ஐநூறு ரூபாய் என்று எழுதுவதோடு, அதில் பாதி இருநூற்றைம்பது, அதன் இரட்டிப்பு ஐநூறு என்றும் எழுதுவார்கள். ஓர் இடத்தில் திருத்தினால் இன்னோர் இடம் காட்டிக் கொடுத்துவிடும். சீட்டு தொலைந்தால் இரண்டாவது பிரதிக்கு ‘பேட்’ என்றும், மூன்றாவதற்கு ‘பர்பேட்’ என்றும் பெயர். பணம் கொடுத்து முடிந்த உண்டியல் ‘கோக்கா’. 1881-ல் வந்த மாற்றுமுறை ஆவணச் சட்டம்கூட இந்த நாட்டு வழக்கத்தைத் தொடாமல் விட்டது.

ஒரே தகவலை இரண்டு விதமாக எழுதி, ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்ப்பது என்பதே அதன் உள்கருத்து. பின்னாளில் செக் எண்ணுக்கும் இதே கருத்துதான் காவல் நின்றது.

245 கம்பெனிகள் ஒரே கூரையில்

1956 ஜனவரி 19-ம் தேதி ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் ஆயுள் இன்சூரன்ஸ் தொழில் அரசின் கைக்கு வந்தது. அப்போது நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக். 154 இந்தியக் கம்பெனிகள், 16 வெளிநாட்டுக் கம்பெனிகள், 75 பிராவிடண்ட் சொசைட்டிகள், ஆக 245 நிறுவனங்கள் சேர்ந்து 1956 செப்டம்பர் 1-ல் எல்.ஐ.சி. பிறந்தது. அன்று அதற்கு 5 மண்டல அலுவலகம், 33 கோட்ட அலுவலகம், 212 கிளைகள். அந்த 245-ல் சென்னையின் யுனைடெட் இந்தியாவும் ஒன்று. மவுண்ட் ரோடில் 1959-ல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடம், அந்தக் கம்பெனிக்காக எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய வேலைதான்.

ஒவ்வொரு கம்பெனியும் தன் பாலிசிக்குத் தானே எண் போட்டு வந்தது. 245 பேர் தனித்தனியாக எண்ணிக்கொண்டு வந்தால் ஒரே எண் பல பேரிடம் இருக்கும் அல்லவா? ஆக, எண் மட்டும் போதாது, எந்தக் கம்பெனி எண் என்ற அடையாளமும் கூடவே வேண்டும். முறையை மாற்றும்போது பழைய எண்ணைத் தூக்கி எறியாமல் அடையாளத்தோடு காப்பாற்ற வேண்டும் என்பது கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே வந்த பாடம்.

துளை அட்டையிலிருந்து கிளை கம்ப்யூட்டருக்கு

1950-களின் கடைசியிலேயே எல்.ஐ.சி.யில் துளை அட்டை இயந்திரங்கள் வந்துவிட்டன. 1964-ல் கம்ப்யூட்டர் வந்தது. ‘வேலை போய்விடும்’ என்று ஊழியர்கள் பயந்தார்கள். கல்கத்தாவில் இலாகோ ஹவுஸ் என்ற கட்டடத்தில் கம்ப்யூட்டரை நிறுவ விடாமல் ஊழியர்கள் 1960-களின் நடுவில் காவல் இருந்தது தொழிற்சங்க வரலாற்றில் பெரிய நிகழ்ச்சி. துளை அட்டை இயந்திரங்கள் 1980-களில் விலக்கப்பட்டு, கிளைகளுக்கும் கோட்டங்களுக்கும் சிறு கம்ப்யூட்டர்கள் வந்தன. 1995 ஜூலையில் கவுண்டரிலேயே பாலிசி நிலவரம் சொல்லும் சேவை தொடங்கியது. 1997 நவம்பரில் மும்பையின் 74 கிளைகளை ஒரே வலையில் இணைத்தார்கள். அதன் பிறகு செம்பூரில் இருப்பவர் கோட்டைக் கிளைக்கு அலைய வேண்டாம், பக்கத்துக் கிளையிலேயே பிரீமியம் கட்டலாம் என்றாயிற்று.

காந்த மை எழுத்து

இதே 1980-களில் வங்கிகளும் மாறின. செக்கின் அடியில் கோணல்மாணலாக ஓடுகிறதே ஓர் எண் வரிசை, அது எம்.ஐ.சி.ஆர். முறை. இயந்திரம் படிக்கும்படி காந்தத் துகள் கலந்த மையில் அச்சிடுவார்கள். முதல் 6 இலக்கம் செக் எண். அடுத்த 9 இலக்கத்தில் ஊர், வங்கி, கிளை என்று மும்மூன்றாக இருக்கும். சென்னைக்கு 600, மும்பைக்கு 400, டெல்லிக்கு 110, கல்கத்தாவுக்கு 700. நம் பின்கோடின் முதல் மூன்று இலக்கமே அது. உங்கள் செக் புக்கை எடுத்துப் பாருங்கள், தெரியும்.

ஒரு செக்குக்கு இரண்டு எண்

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். நிறைய செக் போடும் இன்சூரன்ஸ் ஆபீசில் கையால் எழுதி முடியாது. ஓரத்தில் துளை போட்ட தொடர் தாளாக செக்குகள் வரும்; டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் பெயரையும் தொகையையும் அடிப்பார்கள். செக் எண் தாளில் முன்பே அச்சாகி இருக்கும். கம்ப்யூட்டருக்கு அந்தத் தாளைப் பார்க்கக் கண் இல்லை. கட்டின் முதல் எண்ணை ஆபரேட்டர் சொன்னால், அதிலிருந்து அது பாட்டுக்கு ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போகும். ஆக, தாளில் ஓர் எண், கம்ப்யூட்டரில் ஓர் எண். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியது மனிதர் பொறுப்பு.

தாள் சிக்கி ஒரு செக் கிழிந்தது என்று வையுங்கள். தாள் ஒன்று முன்னே போய்விட்டது, கம்ப்யூட்டர் அதே இடத்தில் நிற்கிறது. அதற்குப் பிறகு அடிக்கும் அத்தனை செக்கிலும் எண் ஒன்று தள்ளிப்போகும். பணம் உடனே நிற்காது, ஏனென்றால் வங்கி தாளில் உள்ள எண்ணைத்தான் பார்க்கும். வினை பிறகு வரும். யாரோ ஒருவர் செக் தபாலில் தொலைந்துபோனது என்று எழுதுவார். ஆபீசில் கம்ப்யூட்டரைப் பார்த்து அந்த எண்ணுக்குப் பணம் தர வேண்டாம் என்று வங்கிக்குச் சொல்வார்கள். நிறுத்தப்படுவது அடுத்த வீட்டுக்காரருடைய செக்! தொலைந்த செக்கோ யார் கையிலோ உயிரோடு இருக்கும்.

எங்கள் கடைக்கும் ஒரு முறை சரக்குச் சேதத்துக்கு வந்த செக்கில் ஓர் எண், கூட வந்த கடிதத்தில் இன்னோர் எண். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். அங்கிருந்த பெரியவர் ஒருவர் கம்ப்யூட்டரைப் பார்க்கவே இல்லை. நேரே ஒரு நீளமான நோட்டை எடுத்து, அன்று ‘கேன்சல்’ என்று எழுதியிருந்த ஒரு வரியைக் காட்டினார். தப்பு எங்கே என்று அஞ்சு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

புரோகிராம் மாறும் நாள்

புதிய புரோகிராம் ஏற்றும் நாள் இன்னும் ஆபத்தான நாள். கடைசியாக அடித்த செக் எண் கம்ப்யூட்டரின் ஒரு ஃபைலில் இருக்கிறது. முந்தின நாள் எடுத்த நகலிலிருந்து கணக்கை மீட்டால் அன்று காலையில் அடித்த செக்குகள் அதில் இருக்காது. அதே எண்களை மறுபடி வேறு பெயர்களுக்குக் கொடுத்துவிடும். அதனால் நல்ல ஆபீஸ்களில் ஒரு முறை வைத்திருந்தார்கள். அன்றைய செக்கெல்லாம் அடித்து நாள் கணக்கை முடித்துவிட வேண்டும். நகல் எடுக்க வேண்டும். கடைசி எண்ணை ரிஜிஸ்டரில் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். பிறகுதான் புது புரோகிராம். அதற்குப் பின் அடிக்கும் முதல் செக்கை அந்த ரிஜிஸ்டரோடு ஒத்துப் பார்த்த பிறகே மற்றது. வீணான தாளைக் கிழித்துப் போடாமல் ‘கேன்சல்’ என்று எழுதி ஒட்டி வைக்க வேண்டும்.

2000-ம் ஆண்டுப் பிரச்சினையையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதும் வழக்கம் மற்றவர்களை 1999-ல்தான் பயமுறுத்தியது. இன்சூரன்சுக்கு அது முன்பே வந்துவிட்டது. 1976-ல் எடுத்த 25 வருஷப் பாலிசி முதிர்வது 2001-ல். ‘01’ என்று எழுதினால் எந்த 01?

இன்று

2008-ல் டெல்லியிலும், 2011-ல் சென்னையிலும், 2013-ல் மும்பையிலும் செக்கின் படத்தை மட்டும் அனுப்பும் சி.டி.எஸ். முறை வந்தது. இதில் தேதியைப் புதுப்பிப்பது தவிர வேறு அடித்தல் திருத்தம் ஆகாது. பெயரில் ஓர் எழுத்து தப்பினாலும் பழைய செக்கை ரத்து செய்து புது எண்ணில் வேறு செக்தான் தர வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக்குகளுக்கு ‘பாசிட்டிவ் பே’ வந்துள்ளது. செக் கொடுத்தவர் எண், தேதி, பெயர், தொகை ஆகியவற்றை வங்கிக்குத் தனியாகச் சொல்லி வைக்கலாம். வங்கி இரண்டையும் ஒத்துப் பார்க்கும். உண்டியலில் பாதியும் இரட்டிப்பும் எழுதிய அதே அறிவுதான், வேறென்ன?

பெரும்பாலான பணம் இப்போது செக் இல்லாமல் நேரே வங்கிக் கணக்குக்கே போகிறது. எண் மட்டும் போகவில்லை. கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. எண் என்று வேறு உருவில் நிற்கிறது. ஊர் ஊராக மாற்றலாகிப் போகும் நம் குடும்பங்களுக்கு இதில் ஒரு விஷயம் உண்டு. 2019 ஏப்ரல் 1-ல் விஜயா, தேனா வங்கிகள் பரோடா வங்கியில் சேர்ந்தன. 2020 ஏப்ரல் 1-ல் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியிலும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியிலும், ஆந்திரா, கார்ப்பரேஷன் வங்கிகள் யூனியன் வங்கியிலும் சேர்ந்தன. பழைய ஐ.எஃப்.எஸ்.சி. எண்கள் காலாவதியாகிவிட்டன. இருபது வருஷம் முன்பு பாலிசியில் கொடுத்த பழைய விவரம் அப்படியே கிடந்தால், முதிர்வுத் தொகை போன வழியே திரும்பிவிடும்.

ஆகவே வீட்டில் ஒரு நோட்டுப் போடுங்கள். பாலிசி எண், கிளை, நாமினி பெயர், வங்கிக் கணக்கு, கட்டிய செக்குகளின் எண் எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். செக் கையில் வந்தால் அதில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். 2012 ஏப்ரல் 1 முதல் அதற்கு மேல் அது செல்லாது. ஆபீஸ் கம்ப்யூட்டர் இன்னும் எத்தனையோ தரம் மாறும். நாம் எழுதி வைத்த எண் நம்மிடம் இருந்தால், கேட்க வேண்டிய இடத்தில் போய்க் கேட்க முடியும்.