டிரில் பீரியடை வாங்கிக்கொண்ட கணக்கு வாத்தியார்

பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். காசிமேட்டில் படித்தாலும் கன்னியாகுமரியில் படித்தாலும் இதே கதைதான். ஆனால் விளையாட்டையும் ஒரு பாடமாகவே நினைத்த மனிதர் ஒருவர் நூறு வருடத்துக்கு முன்பே இதே சென்னையில் இருந்தார்.

ஹாரி குரோ பக். அமெரிக்கர். 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார் (இன்று நந்தனத்தில் இருக்கிறதே, அதுதான்). அதுவரை பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் பெரும்பாலும் பட்டாளத்து பாணி டிரில். பக் அதற்கென்றே ஆசிரியர்களைப் பழக்கினார், விளையாட்டுகளைப் புகுத்தினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனவரும் இவர்தான்.

இதனால் மூளைக்கு என்ன லாபம் என்று அளந்து பார்த்தது வெகு பிற்பாடு. 2009-ல் வெளியான ஆய்வு ஒன்றில், இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹில்மன் குழுவினர் 20 சிறுவர் சிறுமியரை 20 நிமிடம் டிரெட்மில்லில் நடக்கவிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருந்த நாளைவிட நடந்த நாளில் கவனச் சோதனையில் தவறுகள் குறைவு, வாசிப்புத் தேர்விலும் மதிப்பெண் கூடுதல். 20 பேர் சின்னக் கூட்டம்தான், பலனும் அப்போதைக்கு மட்டும் அளந்ததே.

ஆனாலும், வாங்கிய பீரியடில் முதல் இருபது நிமிடம் பிள்ளைகளை மைதானத்தில் விட்டிருந்தால், மிச்ச நேரத்தில் அந்தக் கணக்கே கொஞ்சம் ஏறியிருக்குமோ என்னவோ!