பன்னிரண்டு புரவிகளின் வழிவந்த குலம்

ஓர் உயிரினம் வாழ்கின்றதா, தேய்கின்றதா என்பதை அதன் தலைகளை எண்ணி மட்டும் முடிவு செய்தல் இயலாது. வயல் முழுவதும் ஒரே வகை விதைநெல்லை விதைத்தவனுக்குக் கதிர்கள் ஏராளமாகத் தோன்றலாம். ஆயினும் அவ்வகையைத் தாக்கும் ஒரு நோய் வந்தால் முழு வயலும் பாழாகிவிடும். விலங்குகளுக்கும் இவ்விதி பொருந்தும். மங்கோலியப் புல்வெளியின் காட்டுக் குதிரை அடைந்த வீழ்ச்சியும் மீட்சியும் இதற்குத் தக்க சான்றாகும்.

மங்கோலியர் இக்குதிரையைத் ‘தக்கி’ என்று மதிப்புடன் அழைப்பர். குட்டையான உடலும், மங்கிய மஞ்சள் நிறமும், நெற்றியில் விழாமல் நிமிர்ந்து நிற்கும் பிடரி மயிரும் இதன் அடையாளங்கள். 1878-ஆம் ஆண்டில் ருஷ்ய ஆராய்ச்சிப் பயணியான நிக்கொலாய் பிரஷெவால்ஸ்கிக்கு இதன் தோலும் மண்டை ஓடும் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த பொலியாக்கோவ் என்பார் 1881-இல் இக்குதிரைக்கு அப்பயணியின் பெயரையே சூட்டினார். மேய்ச்சல் மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த விலங்கை ஐரோப்பிய அறிவியல் உலகம் அன்றுதான் முறையாக அறிந்தது.

அறிந்ததும் அதை அடையும் ஆசை பிறந்தது. தெற்கு உக்ரேனில் அஸ்கானியா நோவா என்னும் பெரும் பண்ணையை நடத்திய பால்ஸ்-பைன் என்பவருக்காக 1899 முதல் குட்டிகள் பிடிக்கப்பட்டன. 1901-இல் ஹாகன்பெக் என்னும் ஜெர்மானிய விலங்கு வணிகர் 28 குட்டிகளை ஹாம்பர்க் துறைமுக நகருக்குக் கொண்டுவந்து பல நாட்டு விலங்குக் காட்சிசாலைகளுக்கு விற்றார். ஓட முடியாமல் களைத்துப் பின்தங்கும் குட்டிகளைப் பிடித்து, வீட்டுப் பெட்டைக் குதிரைகளிடம் பாலூட்டி வளர்த்தனர். அவற்றுள் பல வழியிலேயே மடிந்தன. பிழைத்தவற்றுள்ளும் பல சந்ததியின்றி மறைந்தன.

இரண்டாம் உலகப் போர் மேலும் பேரிடியாக வந்தது. அஸ்கானியா நோவாவின் மந்தை போரில் அழிந்தது. 1945-இல் உலகிலிருந்த காட்சிசாலைகள் அனைத்திலும் எஞ்சியவை 31 குதிரைகளே. அவற்றுள்ளும் 9 மட்டுமே பின்னர் வம்சம் வளர உதவின. தாயகத்திலோ, வேட்டையும், கடுங்குளிரும், மேய்ச்சலுக்கும் நீருக்கும் வளர்ப்புக் கால்நடைகளோடு ஏற்பட்ட போட்டியும் இவ்வினத்தை ஒடுக்கின. 1969-இல் கோபிப் பகுதியில் காணப்பட்டதே காட்டில் கடைசியாகக் கண்ட தக்கி ஆகும்.

இதற்கு முன்பே 1947-இல் மங்கோலியாவில் பிடிபட்ட பெட்டைக் குட்டி ஒன்று 1957-இல் அஸ்கானியா நோவாவுக்கு அனுப்பப்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பின் அடைபட்ட மந்தையில் புகுந்த புதிய காட்டு இரத்தம் அதுவே. அதனையும் சேர்த்து, இன்று வாழும் தக்கிகளின் காட்டு மூதாதையர் 12 என்பது ஆராய்ச்சியாளர் கணக்கு.

இதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். ஒவ்வொரு குட்டியும் தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி என மரபுப் பண்புகளைப் பெறுகின்றது. ஒரே ஒரு குட்டியை மட்டும் ஈன்று மடியும் குதிரை, தன்னிடமிருந்த மரபுச் செல்வத்தில் பாதியைத் தன்னோடு கொண்டுபோய்விடுகின்றது. பின்வரும் சந்ததி எத்துணைப் பெருகினும், போனது திரும்புவதில்லை. உறவுக்குள்ளேயே இனம் பெருகும்போது, மறைந்து கிடக்கும் குறைபாடுகள் இருபுறமிருந்தும் ஒன்றுகூடி வெளிப்படுகின்றன. குட்டிகள் இளமையிலேயே இறப்பதும், ஆயுள் குறைவதும் தக்கி மந்தைகளில் காணப்பட்டன.

இங்கே மற்றொரு சிக்கலும் எழுந்தது. தக்கிக்கு 66 குரோமோசோம்கள். வீட்டுக் குதிரைக்கு 64. எனினும் இவ்விரண்டின் கலப்பில் பிறக்கும் குட்டி, கோவேறு கழுதையைப் போல் மலடாவதில்லை. ஜெர்மனியின் ஹாலே நகரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு மங்கோலிய வீட்டுப் பெட்டை தக்கியுடன் கலக்கப்பட்டது. அவ்வழி வந்தவை பிராக் நகர மந்தையில் சேர்ந்தன. கலப்பில்லாத வரிசையைத் தனியே காக்க வேண்டும் என்று ஒரு சாரார் விழைந்தனர். தூய்மை விரும்பத்தக்கதே, ஆயினும் சிறிய கூட்டத்தை மேலும் சிறிதாகப் பிரித்தால் உறவுக்குள் இனப்பெருக்கம் மிகும். தூய்மையைக் காக்கும் முயற்சியே இனத்தை மெலியச் செய்யக்கூடும் என்பது இவ்வரலாறு காட்டும் உண்மை.

இச்சிக்கலுக்கு வழிகாட்டியது ஓர் ஏடு. 1959-இல் பிராக் நகரில் இக்குதிரையைக் குறித்து முதல் அனைத்துலகக் கருத்தரங்கு கூடியது. எர்னா மோர் என்னும் ஜெர்மானிய அம்மையார் தொகுத்த வமிசாவளி ஏட்டைப் பேணும் பொறுப்பைப் பிராக் காட்சிசாலை ஏற்றது. ஒவ்வொரு குதிரைக்கும் ஓர் எண். தாய் எது, தந்தை எது, பிறந்த இடம் எது என்ற குறிப்பு. கலப்பு நேர்ந்ததும் அதில் மறைக்கப்படவில்லை. 1977-இல் நெதர்லாந்தில் பௌமன் தம்பதியர் தொடங்கிய அறநிலையமும் இப்பணியில் ஈடுபட்டது. எந்த ஆண் குதிரையை எந்த நாட்டுக்கு அனுப்பினால் உறவு நெருக்கம் குறையும் என்பது ஏட்டைக் கொண்டே முடிவு செய்யப்பட்டது.

1992-இல் தக்கிகள் தாயகம் திரும்பின. தலைநகர் உலான்பாத்தருக்கு மேற்கே ஹுஸ்டாய் என்னுமிடத்திலும், கோபியின் ஓரத்தில் தக்கின் தால் என்னுமிடத்திலும் அவை விடப்பட்டன. 2009-10 ஆண்டுக் கடும்பனியில் கோபி மந்தையின் பெரும்பகுதி மடிந்தது. ஹுஸ்டாய் மந்தையோ தனியே வேறிடத்தில் இருந்தது. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைத்தல் தகாது என்பது அன்று தெளிவாயிற்று. இன்று உலகில் ஏறத்தாழ 2,000 தக்கிகள் வாழ்கின்றன.

1980-இல் ஓர் ஆண் குதிரையின் திசுவை அமெரிக்காவின் சான் டியேகோ காட்சிசாலை உறைநிலையில் சேமித்து வைத்தது. அக்குதிரை இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், 2020-இல், அத்திசுவிலிருந்து படியாக்கம் மூலம் ஒரு குட்டி பிறந்தது. பிற மந்தைகளில் அருகிவிட்ட மரபுப் பண்புகள் அக்குதிரையிடம் இருந்தன என்பதை அறிவித்தது வமிசாவளி ஏடே. எந்த உயிரின் திசு விலைமதிப்பற்றது என்று அறியாவிடின் விஞ்ஞானத்தின் கைவண்ணமும் பயன்படாது.

போரில் நகரங்கள் எரிந்த காலத்திலும், நாடுகள் இரண்டு அணிகளாகப் பிரிந்து பகை வளர்த்த காலத்திலும், குதிரைகளின் பிறப்பையும் இறப்பையும் பிழையின்றி எழுதி வைத்தவர்கள் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெயர் எவருக்கும் தெரியாது. எனினும் மங்கோலியப் புல்வெளியில் இன்று பிறக்கும் ஒவ்வொரு தக்கிக் குட்டியும் அவர்களுடைய எழுத்துக்குக் கடன்பட்டதாகும்.