மரத்தில் அடையாளம் போட வந்த துப்பாக்கி: பெயின்ட்பால் கதையும் முதல் மார்க்கரும்

இன்னைக்கு ஒரு விளையாட்டுத் துப்பாக்கியோட கதை.

ஆபீஸ் டீம் அவுட்டிங்ல பெயின்ட்பால் ஆடினவங்க உங்கள்ல நிறைய பேர் இருப்பீங்க. வாடகைத் துப்பாக்கி, வியர்வை நாற்றம் அடிக்கிற மாஸ்க், மறுநாள் தொடையில் ஒரு நீலத் தழும்பு. அவ்வளவுதான் நமக்கும் அந்த ஆட்டத்துக்கும் உள்ள உறவு. ஆனால் அமெரிக்காவில் இதை வாராவாரம் காட்டுக்குள் போய் ஆடுகிற கூட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் புதிதாகச் சேர்கிறவர் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்: “கையில் காசு கம்மி. காட்டில் ஆட முதல் துப்பாக்கி எதை வாங்கலாம்?”

இந்தக் கேள்விக்கு அந்த விளையாட்டோட வரலாறே பதில் சொல்லுது. எப்படின்னு பார்க்கலாம்.

மரமும் மாடும்

கதை தொடங்குகிற இடம் மிச்சிகன் மாநிலம், அயர்ன் மவுன்டன் என்ற ஊர். சுற்றிலும் காடு. மரம் வெட்டுவதுதான் அந்தப் பக்கத்துத் தொழில். எந்த மரத்தை வெட்டணும், எதை விடணும்னு வன ஊழியர்கள் பெயின்டால் அடையாளம் போடுவார்கள். அந்த பெயின்டைத் தயாரித்து விற்றது நெல்சன் பெயின்ட் கம்பெனி.

அதில் ஒரு சிக்கல். மரம் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும், இல்லையென்றால் முள்புதருக்கு நடுவில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கிட்டப் போய் அடையாளம் போட முடியாது. தூரத்திலிருந்தே பெயின்டை வீசினால் என்ன? மீன் எண்ணெய் மாத்திரை பார்த்திருப்பீங்க இல்லையா, ஜெலட்டின் ஓட்டுக்குள்ள திரவம். அதே முறையில் பெயின்டை உருண்டையாக அடைத்தார்கள். சுடுவதற்கான துப்பாக்கியை 1960-களில் கிராஸ்மேன் என்ற ஏர்கன் கம்பெனி செய்து கொடுத்தது. அது பெரிதாக விற்கவில்லை. பிறகு டெய்ஸி கம்பெனி ஒன்றைச் செய்து கொடுத்தது. அதுதான் 1970-களில் வந்த நெல்ஸ்பாட் 007. வன ஊழியர்கள் மரத்தைச் சுட்டார்கள், பண்ணைக்காரர்கள் மாட்டைச் சுட்டு அடையாளம் வைத்தார்கள்.

இன்றைக்கும் பெயின்ட்பால் ஆடுகிறவர்கள் ‘கன்’ என்பதைவிட ‘மார்க்கர்’ என்ற சொல்லைத்தான் அதிகம் விரும்புவார்கள். அடையாளம் போடுகிற கருவி. அந்தப் பெயரில் பழைய வேலை அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கு.

ஒரு வாக்குவாதம், 12 பேர்

விளையாட்டு வந்தது ஒரு வாக்குவாதத்தால். சார்லஸ் கெய்ன்ஸ் ஓர் எழுத்தாளர், நியூ ஹாம்ப்ஷயரில் இருந்தவர். அவருடைய நண்பர் ஹேஸ் நோயல், நியூயார்க்கில் பங்கு வர்த்தகம் செய்தவர். பிழைத்துக்கொள்கிற திறமை யாருக்கு அதிகம்? காட்டை அறிந்தவனுக்கா, நகரத்தில் தினமும் முட்டிமோதுகிறவனுக்கா? நோயல் நகரத்துக்காரன் கட்சி. கெய்ன்ஸ் காட்டுக்காரன் கட்சி. பேச்சு முடிகிற மாதிரி இல்லை. அந்த நேரத்தில்தான் இன்னொரு நண்பர் ஒரு விவசாயப் பொருள் கேட்டலாக்கில் நெல்ஸ்பாட் துப்பாக்கியைப் பார்த்துச் சொன்னார்.

1981 ஜூன் 27. நியூ ஹாம்ப்ஷயரில் ஹெனிக்கர் என்ற ஊருக்குப் பக்கத்துக் காடு. 12 பேர். எல்லாரும் தனித்தனி, கூட்டணி கிடையாது. காட்டில் நான்கு இடங்களில் கொடிகள். நான்கு இடத்திலும் ஒவ்வொரு கொடியை எடுத்துக்கொண்டு, மேலே பெயின்ட் படாமல் வெளியே வரவேண்டும். விதிகளை வகுத்தவர் பாப் கர்ன்ஸி, அந்தக் குழுவின் மூன்றாவது ஆள்.

கையில் இருந்த ஆயுதத்தைப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்து, துப்பாக்கியைச் சாய்த்து, குண்டு உருண்டு உள்ளே விழுந்த பிறகுதான் அடுத்த தடவை சுட முடியும். 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பிதான் அதற்கு உந்துசக்தி. உள்ளே இருந்தது எண்ணெய் பெயின்ட், மேலே பட்டால் டர்பன்டைன் போட்டுத்தான் தேய்க்கணும்.

ஜெயித்தது யார் தெரியுமா? ரிச்சி வைட் என்ற வன ஊழியர். அவர் யாரையும் சுடவே இல்லை. ஒரு குண்டுகூடச் செலவழிக்காமல், யார் கண்ணிலும் படாமல் நான்கு கொடிகளையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கங்க. கடைசியில் தேவைப்படும்.

வேகம் ஏறியது, செலவும் ஏறியது

கர்ன்ஸி இதையே ஒரு தொழிலாக்கினார். 1982-ல் நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரில் காசு கொடுத்து ஆடுகிற முதல் மைதானம் வந்தது. 1980-களின் நடுவில் தண்ணீரில் கழுவினாலே போகிற பெயின்ட் வந்தது. அதற்குப் பிறகு வந்த மாற்றம் எல்லாம் வேகம் பற்றியது.

அதில் ஒரு குடும்பத்தின் கதை சுவாரசியமானது. இண்டியானாவில் டென்னிஸ் டிப்மன் பழைய இயந்திரத் துப்பாக்கிகளின் பாதி அளவு மாதிரிகளைச் செய்துவந்தார். நிஜமாகவே சுடக்கூடியவை. 1986-ல் வந்த சட்டம், பொதுமக்களுக்குப் புதிய இயந்திரத் துப்பாக்கி விற்பதைத் தடை செய்தது. தொழில் நின்றது. டிப்மன் குடும்பம் பெயின்ட்பாலுக்குத் திரும்பியது. 1998-ல் அவர்கள் விட்ட ‘மாடல் 98’ உலகம் முழுக்க வாடகை மைதானங்களில் புழங்கியது. அலுமினிய உடம்பு, பேட்டரி கிடையாது, எலெக்ட்ரானிக்ஸ் கிடையாது. சேற்றில் விழுந்தாலும் துடைத்துவிட்டுச் சுடலாம்.

அதே 1990-களில் இன்னொரு பாதையும் பிரிந்தது. காற்றடைத்த தடுப்புகள் வைத்த திறந்த மைதானத்தில் ஆடுகிற ஸ்பீட்பால். அதற்காக எலெக்ட்ரானிக் ட்ரிகர் வந்தது. வினாடிக்குப் பத்துக் குண்டுக்கு மேல் போகும். 200 குண்டு பிடிக்கிற ஹாப்பர் 20 வினாடியில் காலி. அந்தக் குண்டு ஒவ்வொன்றும் காசு.

அப்போ எதை வாங்குறது?

முதல்ல, பணத்தில் முதல் பங்கு துப்பாக்கிக்கு இல்லை. மாஸ்க்குக்கு.

பெயின்ட்பால் குண்டின் விட்டம் 0.68 அங்குலம், ஏறக்குறைய 17 மில்லிமீட்டர். மனிதக் கண்குழிக்குள் நேராகப் புகுகிற அளவு. வேகம் வினாடிக்கு 300 அடி வரை, அதாவது மணிக்கு சுமார் 330 கிலோமீட்டர். ஆரம்ப காலத்தில் பட்டறைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆடினார்கள். கண் காயங்கள் பற்றி 1980-களிலேயே டாக்டர்கள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் பெயின்ட்பாலுக்கென்றே சோதித்துச் சான்று கொடுத்த, முகம் முழுக்க மூடுகிற மாஸ்க்கைப் புதிதாக வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் மாஸ்க் வேண்டவே வேண்டாம். லென்ஸில் இருக்கிற விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது, விலை ஏறினால் தூரம் ஏறாது. மைதானத்தில் எல்லா மார்க்கரையும் குரோனோகிராஃப் வைத்து அளந்து, ஒரே வேக வரம்புக்குள் கொண்டுவருவார்கள். விலை குறைந்த மார்க்கரும் மிக விலை உயர்ந்ததும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான் சுடும். நீளமான பேரல் வாங்கினால் தூரம் கூடும் என்பதும் அதே கதைதான்.

மூன்றாவது, காட்டில் வேகமாகச் சுடுவதில் பெரிய லாபம் இல்லை. இலையிலும் குச்சியிலும் பட்டே பாதிக் குண்டு உடைந்துவிடும். எலெக்ட்ரானிக்ஸ் இல்லாத, எளிய செமி ஆட்டோமேட்டிக் மார்க்கர் போதும். மாடல் 98 மாதிரி ஒன்று. ஒரு ஸ்க்ரூ டிரைவரும் எண்ணெயும் இருந்தால் வீட்டிலேயே பிரித்து மாட்டலாம், உதிரிபாகமும் கிடைக்கும். இதைப் பழையதாக வாங்கினாலும் தப்பில்லை. கேஸ் டேங்க் என்றால் மட்டும் அதன் மேல் பொறித்திருக்கிற பரிசோதனைத் தேதியைப் பாருங்கள்.

இன்னும் சிக்கனமா ஆடணும்னா, பம்ப் மார்க்கர். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுக்கணும், அதனால் யோசித்துத்தான் சுடுவீர்கள். ஒரு பெட்டியில் 2,000 குண்டு வரும். செமி ஆட்டோமேட்டிக்கில் ஒரு நாளில் காலியாகிற பெட்டி, பம்ப்பில் பல நாள் வரும். துப்பாக்கி ஒரு தடவைச் செலவு, பெயின்ட் ஒவ்வொரு தடவையும் செலவு. குளிர்காலத்தில் படபடவென்று சுட்டால் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் குறைந்து வேகம் தடுமாறும். மெதுவாகச் சுடுகிறவருக்கு அந்தத் தொல்லையும் குறைவு.

இப்போ ரிச்சி வைட் கிட்ட திரும்பி வருவோம். அன்றைக்கு 12 பேர் கையிலும் இருந்தது ஒரே மாதிரி துப்பாக்கி. அவரிடம் கூடுதலாக இருந்தது காட்டில் நடக்கத் தெரிந்த கால். அது எந்தக் கடையிலும் விற்காது, ஆனா பழகினா வரும். அதைப் பழகுற வரைக்கும் விலை குறைந்த மார்க்கரே தாராளம்.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா, புது மார்க்கர் வாங்கப் போறேன்னு சொல்ற நண்பருக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் இன்னொரு பொருளோட கதையில் சந்திப்போம்.