கார் பிரேக் பேடை வீட்டிலேயே மாற்றலாமா? பழவேற்காடு மாதிரி கடலோர ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

பிரேக் பிடித்தால் 'கிரீச்' என்று சத்தம். பெடல் வழக்கத்தைவிடக் கீழே போகிறது. ஒர்க்ஷாப்புக்குப் போக நேரம் இல்லை. 'வீடியோ பார்த்து நாமே மாத்திடலாமே' என்ற எண்ணம் பலருக்கும் வரும்.

முன்சக்கர பிரேக் பேடை மாற்றுவது, கையில் ஸ்பேனர் பிடித்துப் பழகியவர்களுக்கு முடியாத வேலை அல்ல. ஆனால் பொன்னேரி வட்டத்தில் உள்ள பழவேற்காடு ஏரியைச் சுற்றிய மீனவ குப்பங்கள் போன்ற கடலோர ஊர்களில், இந்த வேலை வீடியோவில் காட்டுவது போல அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. காரணம், உப்புக்காற்று. இங்கே பேடை மாற்றுவது பாதி வேலைதான். பேடைச் சுற்றி இறுகிப்போன பாகங்களைச் சரிசெய்வதுதான் மீதி. அதை விட்டுவிட்டால் புது பேடும் சீக்கிரம் போய்விடும். சில நேரம் பிரேக்கே கைவிடும்.

என்ன செய்யலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்? விரிவாகப் பார்ப்போம்.

பிரேக் பேட் எப்படி வேலை செய்கிறது?

பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயில் அழுத்தம் பெற்று, குழாய் வழியாக ஒவ்வொரு சக்கரத்துக்கும் போகிறது. முன்சக்கரத்தில் உள்ள காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனை அந்த அழுத்தம் தள்ளுகிறது. பிஸ்டன் பேடைத் தள்ள, இரண்டு பக்கமும் உள்ள பேடுகள் சுழலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கின்றன.

பெரும்பாலான சின்ன கார்களில் காலிப்பரின் ஒரு பக்கம்தான் பிஸ்டன் இருக்கும். மறுபக்க பேடும் அழுந்த வேண்டும் என்றால், காலிப்பர் முழுவதும் இரண்டு பின்கள் மேல் முன்னும் பின்னும் நகர வேண்டும். ஸ்லைடு பின் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். கடலோரத்தில் முதலில் மக்கர் பண்ணுவதும் இதுதான்.

உப்புக்காற்று என்ன செய்யும்?

பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வங்கக்கடல். லைட்ஹவுஸ் குப்பம் போன்ற இடங்களில் நிற்கும் வண்டிக்கு இரண்டு பக்கமும் உப்புதான். உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். மீன் பெட்டி ஏற்றும் வண்டி என்றால், ஐஸ் உருகிச் சொட்டும் உப்புத்தண்ணீரும் சேர்ந்துகொள்ளும்.

இதனால் மூன்று பிரச்னைகள் வரும்.

ஒன்று, ஸ்லைடு பின் இறுகிப்போகும். அப்போது ஒரு பேட் மட்டும் தேயும், இன்னொன்று அப்படியே இருக்கும்.

இரண்டு, பேட் உட்காரும் பிராக்கெட்டில் துரு ஏறி, பேட் நகராமல் சிக்கிக்கொள்ளும். பெடலை விட்ட பிறகும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். சக்கரம் சூடாகும், மைலேஜ் குறையும்.

மூன்றாவதுதான் ஆபத்து. பேடின் பின்னால் உள்ள இரும்புத் தகட்டுக்கும் உராயும் பகுதிக்கும் நடுவே துரு புகுந்து, இரண்டையும் பிரித்துவிடும். பார்க்க 'நல்லா தடிமனா இருக்கே' என்று தோன்றும். திடீரென அழுத்தி பிரேக் பிடிக்கும்போது அந்தப் பகுதி பெயர்ந்து வந்துவிடலாம். அதனால் கடலோரத்தில் பேடின் தடிமனை மட்டும் பார்த்தால் போதாது. ஓரத்தில் வெடிப்பு, இடைவெளி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ராத்திரி மழையில் நின்ற வண்டியின் டிஸ்க்கில் காலையில் ஆரஞ்சு நிறத் துரு தெரிந்தால் பயப்பட வேண்டாம். நாலு முறை பிரேக் பிடித்தால் அது போய்விடும்.

எப்போது மாற்ற வேண்டும்?

* புது பேடில் உராயும் பகுதி பொதுவாக 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது.
* பிரேக் பிடிக்கும்போது 'கிரீச்' சத்தம் என்றால் எச்சரிக்கை. 'கரகர' என்று இரும்பு உரசும் சத்தம் என்றால் பேட் முடிந்துவிட்டது. வண்டியை எடுக்காதீர்கள்.
* பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, ஓட்டிவிட்டு நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுடுகிறது என்றால் ஸ்லைடு பின் அல்லது பிஸ்டன் இறுகியிருக்கலாம்.
* பிரேக் ஆயில் அளவு இறங்கியிருந்தால், உடனே ஊற்றி நிரப்ப வேண்டாம். பேட் தேய்ந்தாலும் அளவு இறங்கும், எங்காவது ஒழுகினாலும் இறங்கும். எது என்று முதலில் பாருங்கள்.

யார் வீட்டில் செய்யக் கூடாது?

பட்டனை அழுத்தும் எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் உள்ள கார்களில் பின்சக்கர பேடை வீட்டில் தொட வேண்டாம். அதற்கான மோட்டாரை சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவராமல் பிஸ்டனைத் தள்ளினால் உடைந்துவிடும். பின்பக்கம் டிரம் பிரேக் இருந்தால் அது தனி வேலை, ஸ்பிரிங்குகள் அதிகம். முதல் முறை செய்பவர்கள் முன்சக்கரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இதுவரை ஸ்டெப்னிகூட மாற்றிப் பழகாதவர்கள் பிரேக்கில் ஆரம்பிக்க வேண்டாம்.

எந்த பேடை வாங்குவது?

இதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1962-ல் தொடங்கப்பட்ட பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், ரானே என நாடு முழுக்க பிரேக் பாகங்களை அனுப்பும் நிறுவனங்கள் சென்னையைச் சேர்ந்தவைதான். வண்டியின் மாடல், ஆண்டு இரண்டையும் சொல்லி, பில்லோடு வாங்குங்கள். பெட்டியில் எழுத்துப்பிழை, மங்கிய அச்சு, பேட்ச் எண் இல்லாமை ஆகியவை போலிக்கு அடையாளம். பழைய உதிரிபாகக் கடைகளில் கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம். பிரேக் பேடை மட்டும் பழையதாக வாங்கவே கூடாது.

ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும், இடது வலது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி இழுக்கும்.

என்னென்ன தேவை?

ஜாக்கி, இரண்டு ஜாக் ஸ்டாண்டு, வீல் ஸ்பேனர், ஸ்பேனர் செட், சி கிளாம்ப், கம்பி பிரஷ், பிரேக் கிளீனர் ஸ்பிரே, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கோன் க்ரீஸ், கையுறை, மாஸ்க்.

படகு இன்ஜினைத் தாங்களே பிரித்துப் பூட்டும் வீடுகளில் பாதி சாமான் ஏற்கெனவே இருக்கும். ஆனால் இன்ஜினுக்குப் போடும் க்ரீஸை இங்கே போடக் கூடாது. சாதாரண பெட்ரோலிய க்ரீஸ் பட்டால் ஸ்லைடு பின்னின் ரப்பர் உறை உப்பிப்போகும். அப்புறம் பின் முன்பைவிட மோசமாக இறுகும். மண்ணெண்ணெய், டீசலில் கழுவுவதும் கூடாது.

படிப்படியாக எப்படி மாற்றுவது?

1. இடம்தான் முதல் விஷயம். சமமான சிமென்ட் தரை வேண்டும். குப்பத்து வீடுகளின் வாசல் பெரும்பாலும் மணல். மணலில் ஜாக்கி சாயும், புதையும். வேறு வழியே இல்லையென்றால், அடியில் அகலமான தடித்த பலகை போட்டு, அது அசையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பலகை போட்டும் ஜாக்கி சாய்ந்தால், அங்கே வேலை செய்யாதீர்கள்.

2. ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, வண்டியை முதல் கியரில் நிறுத்துங்கள். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள்.

3. சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை அரைச்சுற்று தளர்த்துங்கள். பிறகு கார் கையேட்டில் காட்டிய இடத்தில் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஜாக் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யவே கூடாது. கழற்றிய சக்கரத்தை வண்டியின் ஓரத்துக்கு அடியில் படுக்கப் போடுங்கள். ஸ்டாண்டு நழுவினாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும்.

4. ஒரு பக்கம் முடித்த பிறகே அடுத்த பக்கத்தைப் பிரியுங்கள். எது எங்கே இருந்தது என்று குழப்பம் வந்தால், பிரிக்காத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். பிரிப்பதற்கு முன்பு மொபைலில் போட்டோ எடுத்து வைப்பதும் உதவும்.

5. காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி, காலிப்பரை மேலே தூக்குங்கள். சில கார்களில் இரண்டு போல்ட்டையும் கழற்ற வேண்டும். அப்படியென்றால் காலிப்பரைக் கயிறு போட்டு ஸ்பிரிங்கில் கட்டுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளே கிழியலாம்.

6. பழைய பேடுகளை எடுங்கள். தூசியை வாயால் ஊதாதீர்கள், ஏர் அடிக்காதீர்கள். பழைய வண்டிகளின் பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். கிளீனர் ஸ்பிரே அடித்து, ஈரமாகவே துடையுங்கள்.

7. இனி கடலோரக்காரர்களுக்கான முக்கிய வேலை. இரண்டு ஸ்லைடு பின்களையும் உருவி, பழைய க்ரீஸை முழுசாகத் துடைத்து, சிலிக்கோன் க்ரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். திரும்பப் போட்டதும் விரலால் தள்ளினாலே நகர வேண்டும். பிராக்கெட்டில் பேட் உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் துருப்போகத் தேயுங்கள். புது கிளிப் வந்திருந்தால் அதைப் போடுங்கள்.

8. டிஸ்க்கைப் பாருங்கள். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போயிருந்தால் டிஸ்க்கையும் மாற்ற வேண்டும்.

9. பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் தளர்த்துங்கள். பழைய பேடை பிஸ்டன் மேல் வைத்து, சி கிளாம்ப்பால் மெதுவாக உள்ளே தள்ளுங்கள். ஆயில் அளவு ஏறும். வழிந்து பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் உரியும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

10. புது பேடை மாட்டுங்கள். உராயும் பக்கம் டிஸ்க்கைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டு இரும்பு இரும்போடு உரசும் தப்பு, புதிதாகச் செய்பவர்களிடம் நடப்பதுதான். பேடின் முகத்தில் க்ரீஸ் படவே கூடாது.

11. காலிப்பரை இறக்கி, போல்ட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கிய பிறகு, நட்டுகளை எதிர் எதிராக இறுக்குங்கள்.

மறக்கவே கூடாத ஒன்று

இரண்டு பக்கமும் முடிந்ததும் வண்டியை எடுக்காதீர்கள். முதலில் பெடலைப் பலமுறை மிதியுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால், முதல் மிதியில் பெடல் அடிவரை போகும், பிரேக் பிடிக்காது. மிதிக்க மிதிக்க பெடல் கெட்டியாகும். இதைச் செய்யாமல் ரிவர்ஸ் எடுத்தால், பின்னால் நிற்பது சுவரா குழந்தையா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

பல முறை மிதித்தும் பெடல் 'பஞ்சு' மாதிரி இருந்தால் லைனில் காற்று புகுந்திருக்கிறது. மெக்கானிக்கை வரச் சொல்லி ஏர் எடுக்க வேண்டும். கடைசியாக ஆயில் அளவைச் சரிபார்த்து, மூடியை இறுக்குங்கள். மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எது போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள்.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும், அது வீட்டு வேலை இல்லை.

* ஸ்லைடு பின் உருவ வரவில்லை
* கிளாம்ப் போட்டும் பிஸ்டன் உள்ளே போகவில்லை
* பிஸ்டனைச் சுற்றி ஈரம், ஆயில் கசிவு
* ரப்பர் உறை கிழிந்திருக்கிறது
* ஹோஸில் வெடிப்பு
* போல்ட்டின் தலை மழுங்கிவிட்டது

'இவ்ளோ தூரம் வந்தாச்சு, தட்டி எடுத்துடலாம்' என்று சுத்தியலால் அடிக்காதீர்கள். பாதியில் நிற்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு ஒர்க்ஷாப் போகவும் வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள். பழுது இருப்பது தெரிந்தே ஆபத்தான நிலையில் வண்டி ஓட்டுவது, மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 190-வது பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றமும்கூட.

மாற்றிய பிறகு எப்படி ஓட்டுவது?

ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில், 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 கிலோமீட்டர் வரை மிதமாக பிரேக் பிடித்துக் குறையுங்கள். நடுவே சற்று ஓட்டி ஆறவிட்டு, எட்டுப் பத்து முறை செய்யுங்கள். அப்போதுதான் புது பேட் டிஸ்க்கோடு சரியாகப் படியும். குப்பத்துத் தெரு, பாலம், மீன் சந்தைப் பக்கம் இதைச் செய்ய வேண்டாம். முதல் சில நூறு கிலோமீட்டர் வரை முன்னால் போகும் வண்டிக்கு அதிக இடைவெளி விடுங்கள். மறுநாள் வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

கடலோரத்தில் பேட் நீண்ட நாள் உழைக்க என்ன வழி?

* வாரம் ஒருமுறை சக்கரங்களின் உட்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்திருப்பது நீண்டகாலப் பிரச்னை. வீட்டு போர் தண்ணீரே உப்பு என்றால், அதில் கழுவினால் உப்பைத்தான் பூசியதாக அர்த்தம்.
* கழுவியதும் ஒரு சுற்று ஓட்டி, பிரேக் பிடித்து ஈரத்தைப் போக்கிவிட்டு நிறுத்துங்கள்.
* பல நாள் எடுக்காமல் நிறுத்தும்போது, சமதரையில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டால் பின்சக்கரம் துருவில் ஒட்டிக்கொள்ளும்.
* பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் அதன் கொதிநிலை இறங்கி, சூட்டில் பிரேக் தளர்ந்துபோகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.
* பேட் தேயவில்லை என்றாலும் ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும், ஸ்லைடு பின்களைச் சுத்தம் செய்து க்ரீஸ் போடச் சொல்லுங்கள். வெள்ளத்தில் சக்கரம் மூழ்கி நின்ற வண்டி என்றால், இதைத் தள்ளிப்போடவே கூடாது.