பெயர் போடாத தொண்ணூற்று நான்கு பக்கங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் 'புல்லட்டின்' இதழ், 1959, 21ஆம் தொகுதி. 51ஆம் பக்கத்தில் தொடங்கும் ஒரு கட்டுரை 144ஆம் பக்கத்தில்தான் முடிகிறது. எழுதியவர் யார் என்று தேடினால் ஆள் பெயர் இல்லை. 'டியூபர்குலோசிஸ் கீமோதெரபி சென்டர், மெட்ராஸ்' என்று மட்டும் இருக்கிறது.

நான் மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். யார் பேப்பர் போட்டார்கள், அதை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று தேடிக் கொடுப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. பொதுச் சுகாதாரத்தில் சென்னை உலகுக்குக் கொடுத்த ஆகப் பெரிய கட்டுரை எந்த ஆளுடைய கணக்கிலும் சேராமல் நிற்பது, அந்தத் தொழில் பார்த்தவளுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும்.

அப்போதெல்லாம் டி.பி. என்றால் சானடோரியம். குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் இருக்கிறதல்லவா, அங்கே டாக்டர் சௌரி முத்து 1928இல் ஆரம்பித்தது ஒன்று. நல்ல காற்று, ஓய்வு, முட்டை, பால். வருஷக்கணக்கில் படுக்கை. இடம் கிடைத்தவர்களுக்கு அது, கிடைக்காதவர்கள்தான் அதிகம். 1952க்குள் ஸ்ட்ரெப்டோமைசின், பி.ஏ.எஸ்., ஐசோனியசிட் என்ற மூன்று மருந்துகளும் வந்துவிட்டன. மாத்திரை கொடுத்து வீட்டிலேயே வைத்துப் பார்த்தால் என்ன? கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் பத்துப் பேர் ஒரே அறையில் தூங்கும் குடிசையில், ஒருவேளைக் கஞ்சியில், ஒரு வருஷம் மாத்திரையை ஒழுங்காக யார் விழுங்குவார்கள், கூட இருக்கும் பிள்ளைகளுக்கு ஒட்டாதா என்ற சந்தேகங்களுக்குப் பதில் வேண்டியிருந்தது.

அதற்காக 1956இல் சேத்துப்பட்டில் அந்த மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார நிறுவனம் என நாலு தரப்பும் கை கொடுத்தன. லண்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் தலைமை. சென்னையின் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளிகளைச் சேர்த்தார்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை டாக்டரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். இரு பிரிவுக்கும் அதே ஐசோனியசிட், அதே பி.ஏ.எஸ்., ஒரு வருஷம். வீட்டுப் பிரிவினர் வாரம் ஒருமுறை வந்து மருந்து வாங்கிப் போக வேண்டும். மருந்து உள்ளே போகிறதா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே போய் மிச்சமிருப்பதை எண்ணினார்கள். சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள். ஒரு நோயாளியின் சளி, எக்ஸ்ரே, எடை, சாப்பாடு, வீட்டிலிருக்கும் தலைகள் என்று எல்லாம் ஏட்டில் ஏறின. அந்தத் தொண்ணூற்றுச் சொச்சம் பக்கங்களில் பெரும்பாலும் அட்டவணைகள்தான். வாசிக்கச் சுவையாக இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

முடிவு: ஒரு வருஷக் கடைசியில் சளியில் கிருமி அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது அந்தச் சின்ன இடைவெளியும் பொருட்டாக இல்லை. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வந்ததா? அதுவும் இல்லை. ஒட்ட வேண்டியது நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே ஒட்டிவிடுகிறது.

குடும்பத்தாரைப் பற்றிய இந்த முடிவு தனிக் கட்டுரையாக 1960இல் அதே புல்லட்டினில் வந்தது. இதில் பெயர்கள் உண்டு: ஆண்ட்ரூஸ், தேவதத்தா, ஃபாக்ஸ், ராதாகிருஷ்ணா, ராமகிருஷ்ணன், வேலு. ஆங்கில அகர வரிசை. 1966இல் வந்த ஐந்தாண்டுக் கட்டுரையும் அப்படியே: டாசன், தேவதத்தா, ஃபாக்ஸ் என்று தொடங்கி வேலுவில் முடியும். இயக்குநர் முதலில், இளையவர் கடைசியில் என்ற கணக்கு அங்கே இல்லை. வீடு வீடாக ஏறி இறங்கிய ஹெல்த் விசிட்டர்களின் உழைப்பில் நின்ற வேலைக்கு இதுதான் நாணயமான முறை என்பது என் எண்ணம்.

மேற்கோள்களை எண்ணிப் பார்க்கும் பழக்கம் 1959 கட்டுரைக்குப் பின்னால்தான் வந்தது. அமெரிக்க வக்கீல்களுக்கு 1873 முதலே ஒரு வசதி இருந்தது. ஒரு தீர்ப்பைப் பிற்பாடு எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன என்று சொல்லும் ஷெப்பர்டின் தொகுப்பு அது. அதைப் பார்த்துதான் ஃபிலடெல்ஃபியாவின் யூஜின் கார்ஃபீல்ட், விஞ்ஞானக் கட்டுரைகளுக்கும் அப்படிச் செய்யலாம் என்று 1955இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். 1961இல் வெளியான 613 இதழ்களை அலசி, ஏறக்குறைய 14 லட்சம் மேற்கோள்களை ஐந்து தொகுதிகளாக்கியதே முதல் 'சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்'. மெல்லிய தாள், பொடி எழுத்து. பூதக் கண்ணாடி இல்லாமல் ஆகாது. அதில் தேட வேண்டியது முதல் ஆசிரியரின் பெயரில் மட்டும். 1960 கட்டுரைக்கு வரும் மேற்கோளெல்லாம் ஆண்ட்ரூஸின் கீழே விழும். வேலுவைத் தேடினால் 1960, 1966 கட்டுரைகள் இரண்டில் ஒன்றும் சிக்காது. 1959 கட்டுரையைத் தேடவோ ஆளே இல்லை.

எங்கள் கல்லூரி அந்தத் தொகுதிகளை வாங்கும் வசதியில் இல்லை. எங்களிடம் செல்வாக்கின் அளவுகோல் தபால் கார்டு. 'தங்கள் கட்டுரையின் ரீப்ரிண்ட் ஒன்று அனுப்ப வேண்டுகிறேன்' என்று அச்சடித்த கார்டு போலந்திலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வரும். சில பேராசிரியர்கள் அதை மேஜைக் கண்ணாடியின் அடியில் வைத்துக்கொள்வார்கள், அட்டெண்டர் வந்து மெதுவாகக் கேட்பார், "சார், ஸ்டாம்பு மட்டும் பையனுக்கு எடுத்துக்கட்டுமா?" அந்தக் கார்டு ஒரு விஷயத்தில் உத்தமம். கேட்டவர் படிக்க நினைத்தாவது கேட்டார்.

மேற்கோளில் அந்த உத்தரவாதம் கிடையாது. 1961இல் இதே மையத்திலிருந்து ராமகிருஷ்ணன் முதலானோர் உணவு பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வீட்டிலிருந்தவர்கள் சாப்பிட்டது குறைவு, எடை ஏறியதும் குறைவு. ஆனாலும் மருந்து சாப்பிட்டதால் கிருமி அடங்கியது என்பது அதன் சாரம். நாளடைவில் 'டி.பி.க்குச் சாப்பாடு முக்கியமில்லை' என்பதற்கே அதைச் சாட்சி கூப்பிட்டார்கள். முழு மருந்து சாப்பிடுகிறவன் குணமாவது பற்றிப் பேசிய கட்டுரை அது. சாப்பாடில்லாதவனுக்கு நோய் வருவது பற்றி அது வாயே திறக்கவில்லை. அந்த இன்னொரு கேள்விக்கு ஜார்கண்டில் நடந்த ரேஷன்ஸ் ஆய்வு 2023இல் 'லான்செட்'டில் பதில் தந்தது. நோயாளியின் குடும்பத்துக்கே உணவுப் பொருள் கொடுத்ததில், வீட்டாருக்குப் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. 1961 கட்டுரையைத் தப்பாகப் படித்து எடுத்தாண்டவர்களும் எண்ணிக்கையில் ஒன்று ஒன்றாகக் கூடியிருப்பார்கள். எண்ணும் இயந்திரத்துக்கு அது தெரியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. இந்திய அரசு 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டமே வீட்டுச் சிகிச்சையை நம்பி எழுந்தது. இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை அட்டை கொடுத்து அனுப்பும் டாக்டர், 1959 கட்டுரையை நினைப்பதுமில்லை, பேப்பர் எழுதினால் அடிக்குறிப்பில் சேர்ப்பதுமில்லை. ஒரு கண்டுபிடிப்பு எல்லாருக்கும் பொதுவாகிப் போனால் அதன் மூலம் மறைந்துவிடும் என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் எப்போதோ சொல்லிவிட்டார். உலகில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை புரதத்தை அளக்கும் முறை பற்றி லௌரி 1951இல் எழுதியது. மூன்று லட்சம் தாண்டிவிட்டது. சோதனைக்கூடத்தில் அந்த முறையில் புரதம் அளக்கிறவர் அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். சானடோரியத்துக்கு ஆளை அனுப்பாமல் விட்டதற்கு யாரும் அடிக்குறிப்பு போடுவதில்லை.

ஹெச்-இண்டெக்ஸ் 2005இல் வந்தது, ஹிர்ஷ் என்ற இயற்பியலாளரின் உபயம். இருபது கட்டுரைக்குத் தலா இருபது மேற்கோளாவது இருந்தால் உங்கள் எண் இருபது. அதன் பிறகு என் மேஜைக்குக் கட்டுரை கேட்டு வந்தவர்களைவிட எண் கேட்டு வந்தவர்கள் அதிகம். 2015இல் மருத்துவக் கவுன்சில், பதவி உயர்வுக்கு முதல் இரண்டு ஆசிரியர்களுக்கு மட்டுமே மதிப்பு என்று சுற்றறிக்கை விட்டது. அந்த வாரம் சமூக மருத்துவத் துறையிலிருந்து ஒரு இளம் டாக்டரம்மா வந்தாள், தன் பட்டியலைச் சரிபார்க்க. நான் 1960, 1966 கட்டுரைகளின் முதல் பக்கங்களை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். விரலை வைத்து எண்ணினாள்.

"ஃபாக்ஸ் ரெண்டுலயும் மூணாவதா வராரே மேடம். அப்போ அவருக்கே புரொமோஷன் கிடையாதா?"

"1959ஐயும் சேர்த்துப் பார்த்தாலும் கிடையாது," என்றேன். அவள் சிரித்துவிட்டு, தன் ஃபார்மில் நாலாவது ஆசிரியராக இருந்த இரண்டு பேப்பர்களை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.