வேலூருக்கும் ஜி.எச்.சுக்கும் மூளை ஆபரேஷன் வந்த கதை

ராஞ்சியில் எங்கள் கிளைக்கு வந்து, கெடு முடியும் முன்பே ஃபிக்ஸட் டெபாசிட்டை முறிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று பெண்ணின் கல்யாணம். இன்னொன்று, "வேலூர் போகணும் சார்." தன்பாத்–ஆலப்புழை எக்ஸ்பிரஸில் ஏறி காட்பாடியில் இறங்குவார்கள். தலையில் கட்டி, நிற்காத வலிப்பு, இப்படி ஏதாவது. தமிழன் என்றால் வேலூர்க்காரன் என்றே முடிவு செய்துவிட்டு என்னிடம் லாட்ஜ் வாடகை வரை விசாரிப்பார்கள் (நான் கும்பகோணம். வேலூரில் எனக்குத் தெரிந்தது கோட்டை மட்டும்).

பக்கத்தில் கொல்கத்தா இருக்க, மூளை என்றால் ஏன் வேலூர்? இதற்குப் பதில் தேடினால் 1949-க்குப் போக வேண்டியிருக்கிறது.

அந்த வருடம்தான் டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். இந்தியாவில் நரம்பியல் அறுவைக்கென்று தனித்துறை தொடங்கியது அங்கேதான். அப்போது அவருக்கு வயது 39. கோட்டயத்துக்காரர், 1936-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம். பிறகு பஹ்ரைனில் மிஷன் ஆஸ்பத்திரி வேலை, அங்கிருந்து அமெரிக்கா, அங்கிருந்து கனடாவின் மாண்ட்ரியல். மாண்ட்ரியலில் குரு வைல்டர் பென்ஃபீல்ட். நோயாளி விழித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, கை அசைகிறதா, பேச்சு நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து வலிப்புக்குக் காரணமான இடத்தை வெட்டி எடுத்தவர். மூளைக்கு வலி தெரியாது என்பதால் இது சாத்தியம். தோலுக்கும் மண்டை ஓட்டுக்கும்தான் மரத்துப்போகும் ஊசி வேண்டும்.

அடுத்த வருடமே, 1950-ல், சென்னை ஜி.எச்.சில் டாக்டர் பி.ராமமூர்த்தி தொடங்கினார். சீர்காழியில் பிறந்தவர் (எங்கள் ஜில்லா! அப்போது தஞ்சாவூர் ஜில்லாவில்தான் சீர்காழி). எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ்., இங்கிலாந்தின் நியூகாசிலில் மூளை அறுவைப் பயிற்சி. திரும்பி வந்து துறையைத் தொடங்கும்போது வயது 28. நம் வங்கிகளில் அந்த வயதில் ஒருவருக்கு லாக்கர் சாவி கொடுக்கவே யோசிப்பார்கள்.

அந்தக் காலத்தில் மண்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வழியே கிடையாது என்பதையும் நினைத்துப் பாருங்கள். சி.டி. ஸ்கேனில் முதல் நோயாளியைப் படம் எடுத்ததே 1971-ல், லண்டனில். அதற்கு முன்பெல்லாம் மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். கட்டி இருந்தால் அந்தக் காற்றின் நிழல் ஒரு பக்கமாக ஒதுங்கித் தெரியும். அந்த ஒதுங்கலை நம்பித்தான் மண்டை ஓட்டைத் திறக்க வேண்டும்.

1951-ல் சாண்டி, ராமமூர்த்தி, நரம்பு மருத்துவர்கள் பல்தேவ் சிங், எஸ்.டி.நரசிம்மன் ஆகிய நான்கு பேரும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தைத் தொடங்கினார்கள். தேசம் முழுமைக்குமான சங்கம், ஆரம்பித்தது நான்கே பேர்.

வழக்கமாக இந்தக் கதையை "முதல் ஆபரேஷன், முதல் பேராசிரியர்" என்றுதான் எழுதுகிறார்கள். வணிகவியல் படித்த எனக்கு வேறொன்று பெரிதாகப் படுகிறது. இருவருமே கடல் கடந்து கற்றவர்கள். அவர்கள் ஆயுள் முழுக்க ஓயாமல் அறுத்திருந்தாலும் இரண்டு ஜோடிக் கைகள்தான். அடுத்தவரும் கப்பலேறித்தான் கற்க வேண்டும் என்றிருந்தால் கணக்கு எங்கே போய் நிற்கும்? 1950-களின் பிற்பகுதியில் வேலூரில் நரம்பியல் அறுவைக்கு உள்நாட்டிலேயே பட்டமேற்படிப்பு தொடங்கினார் சாண்டி. பின்னர் சென்னையிலும் வந்தது. அசல் மூலதனம் இதுதான்.

அப்படிச் சென்னையிலேயே படித்து வந்தவர் டாக்டர் டி.எஸ்.கனகா. 1932-ல் பிறந்தவர். ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர் என்று சொல்லப்படுபவர். 1954-ல் எம்.பி.பி.எஸ்., 1963-ல் எம்.எஸ்., 1968-ல் எம்.சி.ஹெச். இடையில் சீன யுத்தத்தின்போது ராணுவ மருத்துவ அதிகாரியாகவும் இருந்தார். முதல் பட்டத்துக்கும் கடைசிப் பட்டத்துக்கும் நடுவே 14 வருடம். பெண்கள் அறுவை சிகிச்சைப் பக்கமே அரிதாக இருந்த காலம் அது என்பதை மறந்துவிட்டு இந்த எண்ணைப் படிக்கக் கூடாது.

அவருடைய துறை ஸ்டீரியோடாக்டிக் அறுவை. மண்டையில் ஓர் உலோகச் சட்டத்தைப் பொருத்தி, நீளம், அகலம், ஆழம் மூன்றையும் கணக்கிட்டு, சிறு துளை வழியே ஊசி போன்ற கருவியை மூளையின் ஆழத்துக்கு அனுப்புவது. அங்கே ஒரு சின்னப் புள்ளியை அழித்தால் பார்க்கின்சன் நோயாளியின் கைநடுக்கம் அடங்கும். எங்கள் பென்ஷனர் ஒருவருக்கு இந்த நடுக்கம் உண்டு. மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகாமல், விதிப்படி பெருவிரல் ரேகை வாங்கினோம். ஆயுள் முழுக்க ஃபைலில் கையெழுத்துப் போட்ட மனிதர், மை ஒட்டிய விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். லெவோடோபா மாத்திரை 1960-களின் கடைசியில் புழக்கத்துக்கு வரும்வரை இப்படிப்பட்டவர்களுக்கு இந்த ஊசியைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை.

இந்தக் கதையில் எனக்கு உறுத்தும் ஒரு பக்கமும் உண்டு. ராமமூர்த்தி, வி.பாலசுப்பிரமணியம், கனகா ஆகியோர் இருந்த சென்னைக் குழு, அடக்க முடியாத மூர்க்கமும் பரபரப்பும் உள்ள நோயாளிகளுக்கு, குழந்தைகள் உட்பட, மூளையில் அமிக்டலா என்ற பகுதியை இதே முறையில் அழித்தது. அமைதிப்படுத்தும் அறுவை என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். உலகம் முழுக்க 1970-களில் மனத்துக்கான மூளை அறுவைகள் கடும் கண்டனத்துக்கு உள்ளாயின. குடும்பத்தைக் கேட்டார்கள், சரி. தனக்காகப் பேச முடியாத அந்தக் குழந்தையை யார் கேட்டது? வீட்டில் கட்டிப்போட்டு வைத்திருந்த பிள்ளைகள் என்று அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டுதான். ஆனாலும் வாழ்த்துரைகளில் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்களே, அது சரியில்லை.

1975-ல் கனகா மூளைக்குள் நிரந்தரமாக மின்முனை பதிக்கும் சிகிச்சையைச் செய்தார். இந்தியாவில் அதில் முன்னோடி அவரே. அழிக்க வேண்டாம், மின்சாரத்தால் தூண்டினால் போதும் என்ற திசை இது. பிரான்ஸின் கிரனோபிளில் பெனாபிட் நடுக்கத்துக்கு இதைச் செய்து உலகப் பெயர் பெற்றது 1987 வாக்கில்தான்.

இன்று இந்தப் படிப்புக்கு எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், எம்.எஸ். மூன்று, எம்.சி.ஹெச். மூன்று. நுழைவுத் தேர்வுகளில் நழுவும் வருடங்கள் தனி. பி.காம். முடித்து 22 வயதில் வங்கியில் சேர்ந்தவன் இரண்டு பிரமோஷன் பார்த்துவிட்ட வயதில் அவர் முதல் முழுச் சம்பளம் வாங்குவார். கல்விக்கடன் விண்ணப்பத்தில் திருப்பிச் செலுத்தும் காலம் என்ற கட்டத்தை நிரப்பும்போது எனக்கே கை தயங்கும்.

சாண்டி ஓய்வுபெற்றுக் கோட்டயம் திரும்பி 2007-ல் 97 வயதில் காலமானார். ராமமூர்த்தி 2003-ல். கனகா திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுக்குப் பிறகு பெற்றோர் பெயரில் ஓர் அறக்கட்டளை அமைத்து, வசதியில்லாதவர்களுக்கு மருத்துவம் பார்த்தார். நூறு தடவைக்கு மேல் ரத்ததானம் செய்து லிம்கா சாதனைப் புத்தகத்திலும் இடம்பெற்றார். 2018 நவம்பரில் சென்னையில் மறைந்தார்.